ரயில்வே ஊழியருக்கு டவுன் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் கட்டணச் சலுகை உண்டா? ஸ்மார்ட் கார்டு பற்றிக் கேட்ட தம்பிக்கு

மதுரை ரயில்வே கோட்டத்தில் ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சர்வீஸ் ஐந்து வருஷம் தாண்டிவிட்டது. வீடு திருநகர். டவுன் பஸ்ஸில் பெரியார் பஸ் நிலையம் வந்து இறங்கி ஸ்டேஷனுக்கு நடந்துதான் ஷிப்டுக்குப் போகிறார். மனைவியின் அண்ணன் லண்டனில் ஒரு ரயில் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவருடைய ஆய்ஸ்டர் கார்டில் ரயில்வே ஊழியர் சலுகையைப் பதிந்து கொடுத்திருக்கிறார்களாம். கேட்டில் கார்டைத் தொட்டால் குறைந்த கட்டணம் மட்டும் கழிகிறது. "நமக்கு ஏன் அப்படி இல்லை? யுமிட் கார்டைக் காட்டினால் மதுரை பஸ்ஸிலோ சென்னை மெட்ரோவிலோ குறைப்பார்களா? இந்த வருஷத்தில் எடுக்காத இலவச ரயில் பாஸ் மீதி இருக்கிறது, அதை வேறு விதமாகப் பயன்படுத்த முடியுமா?" இவைதான் கேள்விகள்.

முதலில் நேரான பதில். மதுரை டவுன் பஸ்ஸில் ரயில்வே ஊழியர் என்பதற்காக எந்தச் சலுகையும் இல்லை. சென்னை மெட்ரோவிலும் இல்லை. அங்கே கார்டு வைத்திருந்தால் 20 சதவீதம் குறைகிறது. ஆனால் அது எல்லாப் பயணிகளுக்கும் உள்ளது, உங்கள் வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. யுமிட் கார்டு மருத்துவத்துக்கு மட்டும். அரசரடி ரயில்வே ஆஸ்பத்திரியில் உங்களையும் குடும்பத்தாரையும் அடையாளம் காட்டுவதற்கான அட்டை அது. அதைக் காட்டி எந்த வண்டியிலும் ஏற முடியாது, ரயிலில்கூட.

பாஸ் செக்‌ஷனில் உட்கார்ந்து பாஸ் எழுதியவன் நான். இதே கேள்வியைப் பல பேர் கவுன்ட்டர் வரை வந்து கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் கார்டைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆனால் விஷயம் கார்டில் இல்லை. அந்த வண்டி யாருடையது, உங்கள் இடத்துக்கான காசை அந்த வண்டிக்காரருக்கு யார் கொடுப்பது, இந்த இரண்டும்தான் சலுகை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன. லண்டன் கதையையும் இப்படிப் பார்த்தால்தான் புரியும்.

ஆய்ஸ்டர் கார்டு 2003-ல் வந்தது. லண்டன் சுரங்க ரயில், பஸ், நகரைச் சுற்றி ஓடும் தேசிய ரயில்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கார்டு. ரயில்வே ஊழியர்களுக்கு என்று தனியாக ஒரு சலுகை அட்டை உண்டு. அதை ஸ்டேஷனில் காட்டினால், ஆய்ஸ்டர் கார்டுக்குள் 'இவர் சலுகைக்கு உரியவர்' என்று ஒரு குறியீட்டைப் பதிந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை தொடும்போதும் கணக்கு தானாகக் குறையும். அந்தக் குறியீட்டுக்குக் கெடு தேதி உண்டு, புதுப்பிக்காமல் விட்டால் முழுக் கட்டணம் கழியும். சலுகை அட்டையையும் கையில் வைத்திருக்க வேண்டும், பரிசோதகர் கேட்டால் காட்ட வேண்டும். பேங்க் கார்டைத் தொட்டும் அங்கே பயணம் செய்யலாம். ஆனால் இந்தச் சலுகையைப் பேங்க் கார்டில் ஏற்ற முடியாது, அதனால்தான் ஆய்ஸ்டரை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் மச்சானிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: கூட வேலை பார்க்கும் எல்லாருக்கும் இது இருக்கிறதா என்று. 1994-ல் பிரிட்டிஷ் ரயிலைப் பல கம்பெனிகளாகப் பிரித்துத் தனியாரிடம் கொடுக்கத் தொடங்கினார்கள். அப்போது பழைய ஊழியர்களின் பயண உரிமையைக் காப்பாற்ற ஒரு கோடு போட்டார்கள். 1996 மார்ச் 31 வரை வேலையில் சேர்ந்திருந்தவர்களுக்கு நாடு முழுக்க உரிமை தொடரும். பெரும்பாலான டிக்கெட்டுகளில் 75 சதவீதம் தள்ளுபடி. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அவரவர் கம்பெனி என்ன தருகிறதோ அதுதான். ஒரு கம்பெனி தன் வண்டியில் மட்டும் இலவசம் என்கிறது. இன்னொன்று மற்ற கம்பெனி வண்டிகளிலும் குறைந்த விலையில் போக ஏற்பாடு செய்து தருகிறது. ஒரே பிளாட்பாரத்தில் ஒரே வேலை பார்க்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு உண்டு, ஒருவருக்கு இல்லை. லண்டன் போக்குவரத்துக் கழகத்தின் சொந்த ஊழியர்களுக்கோ அவர்கள் வண்டிகளில் முழு இலவசம், கூடவே அவர்கள் நியமிக்கும் இன்னொரு நபருக்கும் இலவச அட்டை. கார்டு எல்லாருக்கும் ஒன்றுதான். சலுகை, யாரிடம் சம்பளம் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் இருப்பது சின்ன உரிமை இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1986-ஆம் வருஷத்துப் பாஸ் விதிகளின்படி உங்களைப் போன்ற குரூப் சி ஊழியருக்கு முதல் ஐந்து வருஷம் வரை வருஷத்துக்கு ஒரு செட் பாஸ், அதற்குப் பிறகு மூன்று செட். செட் என்றால் போகவும் வரவும் சேர்த்து. அதாவது உங்களுக்கு இப்போது மூன்று செட். அதற்கு மேல் நான்கு செட் பி.டி.ஓ., அதாவது சலுகைக் கட்டண டிக்கெட்டுக்கான ஆணை. பி.டி.ஓ.-வில் அடிப்படைக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதும். மனைவி, பிள்ளைகளுக்கும் செல்லும், நிபந்தனைகளுக்கு உட்பட்டு உங்களை நம்பியிருக்கும் சில உறவினர்களுக்கும் செல்லும். 20 வருஷ சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றால் அதற்குப் பிறகும் பாஸ் உண்டு. நீங்கள் மதுரையிலிருந்து குடும்பத்தோடு டில்லிக்கும் காசிக்கும் காசு கட்டாமல் போய் வருவதைக் கேட்டால் லண்டன் மச்சான்தான் ஆச்சரியப்படுவார்.

மீதி பாஸ் பற்றிக் கேட்டீர்கள். அதைப் பஸ்ஸுக்கோ மெட்ரோவுக்கோ மாற்ற வழியே இல்லை, காசாகவும் மாற்ற முடியாது. அடுத்த வருஷத்துக்குச் சேர்த்து வைக்கவும் முடியாது, கணக்கு காலண்டர் வருஷத்தோடு முடிந்துவிடும். ஆனால் டிசம்பர் 31-க்குள் எடுத்துவிட்டால், அந்தப் பாஸில் போட்டிருக்கும் செல்லுபடிக் காலம் வரை அடுத்த வருஷத்திலும் பயணம் செய்யலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் டிசம்பரிலேயே பாஸ் எடுத்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான். ஒரு பக்கம் போவதற்கு மட்டும் அரை செட்டாகவும் எடுக்கலாம், இது பல இளம் ஊழியர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு பக்கப் பயணத்துக்கு முழு செட்டை எடுத்து வீணாக்கிவிடுகிறார்கள்.

இந்தப் பாஸ் 2020 வரைக்கும் காகிதம்தான். கார்பன் வைத்து எழுதி, சீல் அடித்து, அதிகாரி கையெழுத்துக்குக் காத்திருந்து, பிறகு ரிசர்வேஷன் கவுன்ட்டரில் வரிசையில் நின்று டிக்கெட் எடுக்க வேண்டும். அந்த வருஷம் எச்.ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே ஊழியர் விவரக் கணினி முறை வழியாக இ-பாஸ் வந்தது. போனிலேயே விண்ணப்பிக்கலாம், பாஸ் கிளார்க் பார்த்து அனுப்ப, அதிகாரி அனுமதித்ததும் யு.பி.என். என்ற எண் வரும். அந்த எண்ணையும், போனுக்கு வரும் ஓ.டி.பி.-யையும் வைத்து ஐ.ஆர்.சி.டி.சி.-யிலேயே டிக்கெட் எடுத்துவிடலாம். மானாமதுரைக்கும் பரமக்குடிக்கும் நடுவில் லைனில் நின்று தண்டவாளத்தைச் சோதிக்கும் கீமேன் ஒருவர், பாஸுக்காக ஒரு நாள் லீவு போட்டு மதுரை கோட்ட மேலாளர் (டி.ஆர்.எம்.) ஆபீஸுக்கு வந்து காத்திருந்த காலம் உண்டு. இன்று அவர் தண்டவாளத்துப் பக்கத்திலேயே வேலையை முடித்துக்கொள்கிறார். இந்த ஒரு மாற்றத்துக்காக நான் மனதார சந்தோஷப்பட்டேன். யார் ஊழியர், யார் குடும்பத்தார், எத்தனை செட் மீதி என்பதெல்லாம் இப்போது ஒரே கணினிக் கணக்கில் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஸ்மார்ட் கார்டு என்று ஸ்டேஷனில் சொன்னால் இன்னொன்றும் ஞாபகம் வரும்: ஏ.டி.வி.எம். மெஷினில் டிக்கெட் எடுக்கும் கார்டு. அதில் பணம் ஏற்றினால் 3 சதவீதம் கூடுதலாகச் சேரும். ஆப்பில் இருக்கும் ஆர்-வாலட்டிலும் அதே 3 சதவீதம். இதுவும் பொதுமக்கள் எல்லாருக்கும் உள்ளது. மெஷின் பக்கத்தில் நின்று டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பணியில் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்கள் பலர் இருப்பதால், 'ரயில்வேக்காரர் கார்டு' என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அந்தக் கார்டில் பி.டி.ஓ. கட்டணம் கழியாது. பி.டி.ஓ. டிக்கெட்டுக்கு யு.பி.என். வேண்டும்.

சரி, தினசரிப் பயணத்துக்கு என்ன வழி? இங்கேதான் நம் ஏற்பாட்டின் குறை தெரிகிறது. செட் பாஸ் என்பது தூரப் பயணத்துக்காக உண்டானது, வருஷத்தில் சில முறை ஊருக்கோ கோயிலுக்கோ போவதற்கு. தினமும் வீட்டிலிருந்து வேலைக்குப் போவதற்கு ரெசிடென்ஷியல் கார்டு பாஸ் என்று ஒன்று தனியாக இருக்கிறது. விருதுநகரிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் மதுரைக்கு வந்து போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. உங்களுக்குத் திருப்பரங்குன்றம் ஸ்டேஷன் பக்கம்தான், ஆனால் உங்கள் ஷிப்டு நேரத்துக்கு அங்கே நின்று போகும் வண்டி வேண்டுமே. ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவருக்குப் பாஸ் இருந்தும் வண்டி இல்லை. வண்டி நேரம் ஒத்துவந்தால் மட்டும் விண்ணப்பியுங்கள். அதற்கு முன், சம்பளத்தில் வரும் போக்குவரத்துப் படியோடு அது எப்படிப் பொருந்தும் என்று பாஸ் செக்‌ஷனில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தையை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

இந்தப் போக்குவரத்துப் படியைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் செலவுக்காக மத்திய அரசு ஊழியர் எல்லாருக்கும் மாதாமாதம் தரும் பணம் அது. டவுன் பஸ்ஸில் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை என்று எதையாவது சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும், பஸ்காரர் தரவில்லை, உங்கள் முதலாளி தருகிறார். ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு, 2017 ஜூலை முதல், சம்பள லெவல் 3 முதல் 8 வரை இருப்பவர்களுக்குக் குறிப்பிட்ட 19 நகரங்களில் 3600 ரூபாய், மற்ற ஊர்களில் 1800 ரூபாய். லெவல் 1, 2-க்கு அந்த நகரங்களில் 1350, மற்ற ஊர்களில் 900. அடிப்படைச் சம்பளம் 24,200-ஐத் தொட்டுவிட்டால் லெவல் 1, 2-க்கும் 3600, 1800 கணக்குதான். இவற்றின் மேல் அகவிலைப்படி சேரும்.

அந்த 19 நகரங்களில் தமிழ்நாட்டில் இருப்பவை சென்னையும் கோயம்புத்தூரும் மட்டும். மதுரை இல்லை. வீட்டு வாடகைப் படிக்கு மதுரையும் கோவையும் ஒரே 'ஒய்' வகுப்பு நகரங்கள். ஆனால் பஸ் ஏறிப் போகும் செலவுக்கு மட்டும் மதுரைக்காரருக்குப் பாதி. 2025 ஜூலையில் இருந்த 58 சதவீத அகவிலைப்படியோடு கணக்குப் போட்டால், லெவல் 4-ல் இருக்கும் ஒரு டெக்னீஷியனுக்குக் கோவையில் மாதம் 5688 ரூபாய், மதுரையில் 2844 ரூபாய். ஒரே லெவல், ஒரே ஷிப்டு, ஒரே வேலை. பஸ் சலுகை வேண்டும் என்று கேட்பதைவிட இந்த வித்தியாசத்தை எடுத்துக் கேட்பது நூறு மடங்கு நியாயம் என்பது என் உறுதியான கருத்து. மாதம் 2844 ரூபாய் வித்தியாசத்தை எந்த ஸ்மார்ட் கார்டு சலுகையும் ஈடுகட்டாது. மாட்டுத்தாவணியிலிருந்து திருமங்கலம் வரை விரிந்துவிட்ட மதுரையை இன்னும் 'மற்ற ஊர்' என்று வைத்திருப்பதை மாற்றச் சொல்ல வேண்டியது நாம்தான்.

பஸ்ஸைப் பொறுத்தவரை, அரசுப் போக்குவரத்துக் கழகம் மாநில அரசினுடையது. 1972-ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாக ஆரம்பித்து, 1997-க்குப் பிறகு தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் ஓடுகிறது. ரயில்வே மத்திய அரசினுடையது. உங்களுக்கு ஐந்து ரூபாய் குறைத்தால் அந்த ஐந்து ரூபாயைக் கழகத்துக்கு யாராவது கட்டியாக வேண்டும். மாநில அரசு தான் கட்டுகிறேன் என்று ஏற்றுக்கொண்ட சலுகைகள் நன்றாக நடக்கின்றன. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். அதற்குக் கார்டே கிடையாது, கண்டக்டர் காசு வாங்காமல் ஒரு டிக்கெட் கிழித்துத் தருகிறார், அந்த எண்ணிக்கையை வைத்து அரசு கழகத்துக்கு ஈடு செய்கிறது. உங்கள் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஊழியர்கள் திருநகரிலிருந்து பெரியாருக்கு ஏற்கெனவே காசில்லாமல் வருகிறார்கள், ரயில்வேயில் இருப்பதால் அல்ல.

யார் கட்டுவது என்று முடிவாகாத சலுகை என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. காவலர் முதல் ஆய்வாளர் வரை தங்கள் மாவட்டத்துக்குள் அரசு பஸ்ஸில் அடையாள அட்டை காட்டிப் போகலாம் என்று 2021-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2024 மே மாதம் நாங்குநேரியில் சீருடையில் இருந்த ஒரு காவலர் டிக்கெட் எடுக்க மறுத்தார், கண்டக்டர் கேட்டார், அது பெரிய சண்டையாகி, போலீசார் அரசு பஸ்களுக்கு அபராதம் போடும் அளவுக்குப் போனது. பணிப் பயணத்துக்கான வாரன்ட் இருந்தால் மட்டுமே இலவசம் என்று போக்குவரத்துத் துறை சொன்னது. நடுவில் அவமானப்பட்டவர்கள் இரண்டு கடைநிலை ஊழியர்கள்தான். பணக் கணக்கை மேலே தீர்க்காமல் கீழே அட்டையை மட்டும் கொடுத்தால் ரயில்வே ஊழியருக்கும் கண்டக்டருக்கும் இதே நிலைதான் வரும். அதனால், டவுன் பஸ்ஸில் ரயில்வே அடையாள அட்டையைக் காட்டி 'ஸ்டாஃப்' என்று சொல்லிப் பார்க்காதீர்கள். கண்டக்டரும் நம்மைப் போல ஒரு தொழிலாளி. செக்கிங் வந்தால் அவர் வேலைக்குத்தான் ஆபத்து.

லண்டன் போல இங்கே செய்யவே முடியாதா? கருவி இருக்கிறது. 2019 மார்ச்சில் தொடங்கிய என்.சி.எம்.சி. என்ற போக்குவரத்துக் கார்டு நாடு முழுவதற்கும் பொதுவானது. சென்னை மெட்ரோவில் செல்கிறது. 2025 ஜனவரியில் சிங்காரச் சென்னை அட்டை என்று மாநகர பஸ்ஸிலும் கொண்டுவந்தார்கள். அந்தக் கார்டின் சிப்பில் பணம் வைக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதைத் தவிர ஒவ்வொரு போக்குவரத்து நிறுவனமும் தன் பாஸ் விவரத்தை எழுதிக்கொள்ளத் தனித்தனி இடமும் இருக்கிறது. ஆய்ஸ்டரில் போடும் குறியீட்டை இதிலும் போடலாம். யாருக்கு உரிமை என்ற பட்டியலோ எச்.ஆர்.எம்.எஸ்.-ல் தயாராக இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது கணினிக்காரர்களுக்குப் பெரிய வேலை இல்லை. ரயில்வேயும் மெட்ரோவும் போக்குவரத்துக் கழகமும் உட்கார்ந்து, இத்தனை பயணத்துக்கு இவ்வளவு என்று ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு தீர்க்கும் ஒப்பந்தம்தான் வேண்டும். அது வந்தால் முதலில் ராத்திரி ஷிப்டுக்காரர்களுக்கும், தண்டவாளக் கேங்கில் வேலை பார்க்கும் லெவல் 1 ஆட்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பேன். அதிகாரிகளுக்கு ஜீப் இருக்கிறது.

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. லைசென்ஸ் போர்ட்டருக்குக்கூட வருஷத்துக்கு ஒரு பாஸ் உண்டு. அதே பிளாட்பாரத்தைக் கழுவும் கான்ட்ராக்ட் தொழிலாளருக்கு எதுவும் கிடையாது, அவர் பெயர் எச்.ஆர்.எம்.எஸ்.-லும் இல்லை. 1996 மார்ச் 31 என்று லண்டனில் கோடு போட்டார்கள். நாம் தேதி போடாமலே கோடு போட்டுவிட்டோம்.

உடனடியாகக் கவனிக்க வேண்டியது சென்னையில் இருக்கிறது. கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோவிடம் ஒப்படைக்க 2025-ல் ரயில்வே வாரியம் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. இன்று வரை அது ரயில்வே வண்டி என்பதால் நம் பாஸ் அதில் செல்கிறது. கைமாறிய பிறகு அந்தப் பாதையில் தினமும் வேலைக்குப் போகும் ஊழியரின் கார்டு பாஸ் என்ன ஆகும் என்பதை ஒப்படைப்பு ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும், எழுதாமல் விட்டால் பிறகு கேட்க இடம் இருக்காது. அப்படி எழுதப்படும் விதி நாளைக்கு மதுரைக்கும் முன்மாதிரி ஆகும். திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோ அறிக்கையை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டாலும், என்றாவது அது வந்தால் நடத்தப்போவது ரயில்வே அல்ல, மெட்ரோ நிறுவனம்தான்.

உங்கள் சங்கக் கிளைச் செயலாளரிடம் இரண்டு விஷயத்தை எழுதிக் கொடுங்கள், நிர்வாகமும் சங்கமும் பேசும் கோட்ட அளவிலான பி.என்.எம். கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒன்று, போக்குவரத்துப் படியில் மதுரையைக் கோவையோடு சேர்க்க மேலே பரிந்துரைப்பது. இதைக் கோட்டத்தில் முடிவு செய்ய முடியாது, நிதி அமைச்சகம் வரை போக வேண்டியது, ஆனால் எங்கிருந்தாவது கோப்பு கிளம்பியாக வேண்டும். இரண்டு, ராத்திரி ஷிப்டு மாறும் நேரத்துக்குத் திருமங்கலம் பக்கமும் கூடல்நகர் பக்கமும் ஊழியர்களுக்கு ஒரு வேன். இது கோட்டத்துக்குள்ளேயே பேசி முடிக்கக் கூடியது. மனுவில் எத்தனை பேர், எந்த ஷிப்டு, எந்த ஊர் என்ற பட்டியலை இணையுங்கள். பட்டியல் இல்லாமல் வரும் மனுவை ஆபீஸில் "விவரம் கேட்கப்பட்டுள்ளது" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதிலேயே ஆறு மாதம் போய்விடும்.